சைனா டவுனா, குட்டி சைகோனா? சிகாகோவின் ஆர்கைல் தெரு உருவான விதமும் அதன் இன்றைய சிக்கலும்

2025 ஜூலை 20 அன்று சிகாகோ ரெட் லைன் ரயில் தடத்தில் நான்கு புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. லாரன்ஸ், ஆர்கைல், பெர்வின், பிரின் மார். இவற்றில் ஆர்கைல் நிலையம் பற்றிய செய்திகள்தாம் வாசகரைக் கொஞ்சம் குழப்பின. ஒரு செய்தி அந்தத் தெருவை ‘வடக்குச் சைனா டவுன்’ என்றது. இன்னொன்று ‘லிட்டில் சைகோன்’ என்றது. நகராட்சியும் வணிகர்களும் பயன்படுத்தும் பெயரோ ‘ஏஷியா ஆன் ஆர்கைல்’.

பெயர்க் குழப்பத்தோடு இன்னும் இரண்டு கேள்விகள் வருகின்றன. புது நிலையம் வந்தது கடைகளுக்கு நல்லதுதானே, பிறகு ஏன் கவலைப்படுகிறார்கள்? வரலாற்றுச் சிறப்புப் பகுதி என்று பதிவாகியிருக்கும் தெருவுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சமையலறையிலிருந்து தொடங்கினால் அது பிடிபடாது. வாடகையிலிருந்து தொடங்க வேண்டும்.

தெரு இருக்கும் இடம்

சிகாகோவின் முகவரி முறை தெரிந்தால் இடத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் இடம் பூஜ்யம். அங்கிருந்து வடக்கே ஒவ்வொரு மைலுக்கும் 800 எண்கள். ஆர்கைல் 5000 வடக்கு. அதாவது நகர மையத்திலிருந்து ஆறேகால் மைல், ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தமிழர்கள் மளிகைக்குப் போகும் டெவன் அவென்யூவின் இந்தியக் கடைப் பகுதி இங்கிருந்து நாலு கிலோமீட்டருக்குள்தான்.

பெயர்பெற்ற பகுதி மிகச் சிறியது. பிராட்வேயிலிருந்து ஷெரிடன் சாலை வரை, நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. நடுவில் தெருவின் தலைக்கு மேலே ரயில் போகிறது, நிலையம் அங்கேயே. பிராட்வே முனையில் இரு பக்கமும் கடைகள் வழிந்து ஓடுகின்றன. பெரிய மளிகைக் கடைகளும் சில பழைய உணவகங்களும் இன்று உண்மையில் ஆர்கைலில் இல்லை, பிராட்வேயில் இருக்கின்றன. ஹாங்காங் பாணி வாத்து வறுவலுக்குப் பேர்போன, 2018இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது பெற்ற சன் வா உணவகம் கூட ஆர்கைலில் தொடங்கிப் பிராட்வேக்குப் பெயர்ந்ததுதான். ‘ஆர்கைல் தெரு’ என்று சொல்லும்போது அந்த முனையையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

சீனர் போட்ட திட்டம், வியட்நாமியர் நிரப்பிய கடைகள்

1920களில், ஆர்கைல் அடங்கிய அப்டவுன் வட்டாரம் பணக்காரக் கேளிக்கைப் பேட்டை. அப்டவுன் தியேட்டர் 1925, அரகான் நடன அரங்கம் 1926. (சார்லி சாப்ளின் 1915இல் சில வாரங்கள் வேலை பார்த்த எசனே மௌனப்பட ஸ்டுடியோ இதே ஆர்கைல் தெருவில்தான், பிராட்வேக்குக் கொஞ்சம் மேற்கே.) இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தர வர்க்கம் புறநகருக்குக் குடிபெயர, பெரிய அடுக்கக வீடுகளை உரிமையாளர்கள் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதி ஏழை வெள்ளையர், தடுப்பு முகாம்களிலிருந்து விடுதலையான ஜப்பானிய அமெரிக்கர், நகரங்களுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் பழங்குடியினர் என்று வரிசையாக வந்தார்கள். 1970 வாக்கில் வாடகை மலிவு, காலிக் கடைகள் ஏராளம், ரயில் வாசலில்.

அதன் பிறகு நடந்தவை மூன்று.

1. நகர மையமான லூப்பின் தெற்கே இருந்த பழைய சைனா டவுன் எச்சங்களில் கட்டடங்கள் இடிபட, ஹிப் சிங் என்ற சீன வணிகர் சங்கத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சங்கமும், ஜிம்மி வாங் என்ற உணவக முதலாளியும் ஆர்கைல் தெருக் கடைகளை வாங்கினார்கள். கோபுரக் கூரைகள், குளங்களோடு ஒரு புதிய சைனா டவுன் கட்டுவது திட்டம். அது முடியவில்லை. பொறுப்பு சார்லி சூ என்பவர் கைக்கு வந்தது. தெருவைச் சுத்தம் செய்யவும் நிலையத்தைச் சீரமைக்கவும் அவர் பல ஆண்டுகள் அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார். 1991இல் நிலையத்துக்குச் சிவப்பு பச்சை வண்ணமும் சீனக் கோபுரக் கூரையும் வந்தன.

2. 1975 ஏப்ரலில் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தது. அந்த ஆண்டில் அமெரிக்கா சுமார் 1,30,000 வியட்நாமியரை ஏற்றது. ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்புவதே அரசின் கொள்கை. ஆனால் குடியேற்றும் வேலையைச் செய்த தொண்டு நிறுவனங்களுக்கு உடனடித் தேவை, பெரிய குடும்பம் தங்கும் மலிவான வீடு, கார் இல்லாமல் வேலைக்குப் போக ஒரு ரயில். இரண்டும் அப்டவுனில் இருந்தன. இல்லினாய் வியட்நாமியர் சங்கம் 1976இல் தொடங்கியது.

3. 1978 மார்ச்சில் வியட்நாம் அரசு தெற்கின் தனியார் வணிகத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டு சீனாவோடு போர். அடி அதிகம் விழுந்தது ஹோவா என்று அழைக்கப்பட்ட வியட்நாம்வாழ் சீனர் மீது. படகேறி நாட்டைவிட்டுத் தப்பியவர்களில் இவர்கள் பெரும்பங்கு. கூடவே கம்போடியர், லாவோசியர். ஹோவா மக்கள் சைகோனின் சோலோன் பகுதியில் தலைமுறைகளாகக் கடை நடத்தியவர்கள். சீனமும் பேசுவார்கள், வியட்நாமியமும் பேசுவார்கள். சீனர் சொந்தமாக்கி வைத்திருந்த தெருவில் கடை எடுக்க இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆக, கூரை சீனருடையது, கீழே கொதிக்கும் பானை வியட்நாமியருடையது, பானைக்குப் பின்னால் நின்றவர் பெரும்பாலும் இருவருமானவர். மூன்று பெயர்களும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஒரு பத்தாண்டின் பெயர்.

கடை போட முதல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் தெரியாத, கடன் வரலாறு இல்லாத அகதிக்கு வங்கி கடன் தராது. அந்த இடத்தை ‘ஹூயி’ நிரப்பியது. தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. இது ஏலச் சீட்டு. வேறுபாடு தள்ளுக் கழிவைப் பங்கிடும் முறையில்தான்.

ஒரு கணக்கு: 20 பேர், மாதம் 500 டாலர். முதல் மாதம் முழுத் தொகையையும் நடத்துபவர் எடுத்துக்கொள்வார். மூன்றாம் மாதத்தில் ஒருவர் 60 டாலர் தள்ளிக் கேட்டு ஏலம் எடுக்கிறார். ஏற்கெனவே எடுத்துவிட்ட இருவர் தலா 500 கட்டுவார்கள், 1,000. இன்னும் எடுக்காத 17 பேர் தலா 440, மொத்தம் 7,480. எடுப்பவர் கைக்கு 8,480 வரும். அவசரமாகக் கடைக்கு முன்பணம் வேண்டியவர் முன்னால் எடுத்து அதிகம் இழப்பார். பொறுத்திருப்பவர் கடைசியில் ஆதாயம் பார்ப்பார்.

தவறுவதும் நம்மூர்ச் சீட்டைப் போலத்தான். முன்னால் எடுத்தவர் தவணையை நிறுத்துவார், அல்லது நடத்துபவரே ஊரைவிட்டுப் போவார். எழுத்து இல்லாததால் நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். அதனால்தான் ஒரே ஊர்க்காரர், ஒரே கோயில், ஒரே தெரு என்று வட்டத்தைச் சுருக்கி வைத்தார்கள். கடைகள் ஒரு தெருவில் குவிந்ததற்கு இதுவும் காரணம்: கடன் கொடுத்தவர் கண்ணுக்கு எதிரே கடை இருக்க வேண்டும்.

உணவுப் பட்டியலை எப்படிப் படிப்பது

உணவகத்தின் பட்டியலில் 150 வரிகள் இருக்கும். குழம்ப வேண்டாம், நாலு சொல் தெரிந்தால் சமையல்காரர் எந்த வழியாக வந்தவர் என்பது விளங்கிவிடும்.

எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட ‘ஃபோ’ முன்வரிசையில் இருந்தால் வியட்நாமியக் கடை. தட்டு நிறைய முளைப்பயறு, துளசி வகை இலை, எலுமிச்சை, மேசையில் ஹாய்சின் சாஸ் வந்தால் தென் வியட்நாம் பாணி. வடக்கின் ஹனோய் பாணியில் இவ்வளவு பரிவாரம் கிடையாது. சாறும் வெங்காயத்தாளும் மட்டும். 1975க்குப் பின் வந்தவர் பெரும்பாலும் தெற்கத்தியர் என்பதால் ஆர்கைலில் தெற்குப் பாணியே ஆட்சி.

‘ஹூ தியூ’ என்றால் சீனக் கலப்பு. தியோச்சூ சீனரின் அரிசி நூடுல்ஸ் இது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் தினமும் சொல்லும் ‘கொய்தியாவ்’ இதே சொல்தான். ‘ஹூ தியூ நாம் வாங்’ என்று இருந்தால் புனோம் பென் பாணி. நாம் வாங் என்பது புனோம் பென்னுக்கு வியட்நாமியர் வைத்த பெயர். தென்சீனக் கடற்கரை, கம்போடியா, சைகோன், சிகாகோ என்று ஒரு கிண்ணத்தின் பயணம் முழுதும் பெயரிலேயே இருக்கிறது.

ஒட்டும் அரிசி, இடித்த பப்பாளிக்காய், புளித்த மீன் கலவை தெரிந்தால் லாவோஸ் அல்லது தாய்லாந்தின் வடகிழக்கு.

‘கா ரி கா’ என்ற வரி தமிழருக்கு. கோழிக் கறிதான்; கா ரி என்பது கறி. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் சைகோனில் அரசு வேலை பார்த்தார்கள், நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள்; அந்த நகரில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள் தூக்கலான கறித்தூள் சேர்த்து நீர்க்கச் செய்து, பிரெஞ்சு ரொட்டியைத் தோய்த்துத் தின்பார்கள். காரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஒரு கிண்ணம் ஃபோ: எங்கே கெடுகிறது

இந்தத் தெருவின் பொருளாதாரம் ஒரு பானைச் சாற்றின் மேல் நிற்கிறது. இரவெல்லாம் எரியும் அடுப்பு, ஆள் கூலி, எலும்பு விலை எல்லாம் அதில் அடக்கம். வீட்டளவில் எட்டுக் கிண்ணத்துக்கான முறை இது.

1. மாட்டு எலும்பு 2 கிலோ: மூட்டு, மஜ்ஜை எலும்பு கலந்து. தண்ணீரில் போட்டு 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தவிர்த்தால் இரத்தமும் புரதமும் சாம்பல் நுரையாகி, பிறகு எத்தனை முறை வடித்தாலும் சாறு தெளியாது.

2. புதுத் தண்ணீர் 6 லிட்டர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரும் அளவில், சுமார் 90 முதல் 95 டிகிரியில் 6 மணி நேரமாவது. கடைகளில் 10, 12 மணி. தீ அதிகமானால் கொழுப்பு சாற்றில் கலந்து பால்போல் கலங்கிவிடும். வேகம் கூட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு.

3. பெரிய வெங்காயம் 2, இஞ்சி விரல் நீளத் துண்டு 2. நெருப்பில் நேரடியாகத் தோல் கருகச் சுட்டு, கருகலைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். சுடாமல் போட்டால் இனிப்பு வராது, சுரண்டாமல் போட்டால் நிறம் கறுக்கும்.

4. அன்னாசிப்பூ 5, பட்டை ஒரு சாண் அளவில் பாதி, கிராம்பு 4, பெரிய ஏலக்காய் 1, தனியா ஒரு மேசைக்கரண்டி. வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி, கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும். தொடக்கத்திலேயே போட்டால் அன்னாசிப்பூவின் கசப்பு இறங்கி மருந்து வாடை அடிக்கும். நம் சமையலில் மசாலா முன்னால் போகும், இங்கே பின்னால்.

5. கற்கண்டு 30 கிராம், மீன் சாஸ் 80 மில்லி, உப்பு தேவைக்கு. மீன் சாஸை அடுப்பை அணைக்கும் தறுவாயில் சேர்க்க வேண்டும். நீண்ட நேரம் கொதித்தால் மணம் போய் வாடை நிற்கும்.

6. காய்ந்த அரிசி நூடுல்ஸ் ஆளுக்கு 80 முதல் 100 கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் 30 நிமிடம் ஊறவைத்து, கொதிநீரில் 15 விநாடி முக்கி எடுத்தால் போதும். ஊறவைக்காமல் நேராக வேகவைத்தால் வெளியே குழையும், உள்ளே விறைக்கும்.

மேலே வைக்கும் இறைச்சிக்குப் பட்டியலில் ஏழெட்டுச் சொல். ‘தாய்’ பச்சையாக மெல்லச் சீவியது, சாற்றின் சூட்டிலேயே வேகும். ‘சின்’ முழுக்க வெந்த நெஞ்சுக்கறி. ‘கன்’ தசைநார். ‘சாக்’ என்பதற்குப் புத்தகம் என்று பொருள். ஏடு ஏடாக இருக்கும் மாட்டின் மூன்றாம் இரைப்பை. ‘போ வியன்’ உருண்டை.

கடையளவில் கெடும் இடம் வேறு. மிச்சச் சாற்றை ஆறவைப்பதில்தான் கடைகள் சுகாதாரத் துறையிடம் மாட்டுகின்றன. விதி இரண்டு கட்டம்: 57 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள், 21லிருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். 60 லிட்டர் பானையை அப்படியே குளிர் அறைக்குள் தள்ளினால் மறுநாள் காலையிலும் நடுப்பகுதி வெதுவெதுவென்றே இருக்கும். அதுவே கிருமிக்குத் தொட்டில். சமையல்காரர்கள் கண்ட வழி: 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டுகளில் பிரிப்பது, பனிநீர்த் தொட்டியில் பானையை இறக்குவது, உறைந்த நீர் நிரப்பிய பிளாஸ்டிக் துடுப்பால் கலக்குவது. இரண்டு மணி நேரத்தில் 21க்கு வரவில்லை என்றால் 74 டிகிரிக்கு மறுபடி சூடாக்கி முதலிலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். ஆய்வு முடிவு மூன்று வகை: பாஸ், நிபந்தனையோடு பாஸ், ஃபெயில். நிபந்தனையோடு பாஸ் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். குறை கண்டுபிடிக்கப்பட்டது, அதிகாரி நின்றிருக்கும்போதே சரிசெய்யப்பட்டது என்று பொருள்.

பான் மீ பற்றிக் கொஞ்சம்

பான் மீ என்ற சாண்ட்விச்சுக்கான வியட்நாம் ரொட்டியின் மொறுமொறுப்புக்கு அரிசி மாவு காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான பேக்கரிகளில் அது முழுக்கக் கோதுமை மாவுதான். லேசாக இருப்பதற்குக் காரணம் நிறைய ஈஸ்ட், மாவை வலுப்படுத்தும் அஸ்கார்பிக் அமிலம், அடுப்பில் முதல் சில நிமிடம் செலுத்தும் நீராவி. மேலோடு மிக மெல்லியதாகையால் ஈரத்தை உறிஞ்சி நாலைந்து மணி நேரத்தில் தோல்போல் ஆகிவிடும். ஒரு நாளைக்குப் பல தடவை சுடுகிற கடையே நல்ல கடை. வெளியூரிலிருந்து ரொட்டி வரவழைத்து இதைச் செய்ய முடியாது; ஒரு பேக்கரி மூடினால் சுற்றியுள்ள நாலு சாண்ட்விச் கடைகளும் தள்ளாடும்.

உள்ளே வைக்கும் ஊறுகாய்: கேரட்டும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அரைக் கிலோ, தீக்குச்சி போல நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி உப்பில் 15 நிமிடம் பிசறிப் பிழிய வேண்டும். வினிகர் 250 மில்லி, வெந்நீர் 250 மில்லி, சர்க்கரை 100 கிராம் கரைத்து ஆறியதும் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் தின்னலாம். பிழியாமல் விட்டால் நீர் விட்டு ரொட்டியை ஊறவைக்கும்.

வியட்நாம் கடையில் தாய்லாந்துப் பொருள் ஏன்?

அலமாரியில் மீன் சாஸ் புட்டியின் முன்பக்கம் ‘ஃபூ குவாக்’ என்ற வியட்நாம் தீவின் பெயர், பின்பக்கம் ‘தாய்லாந்துத் தயாரிப்பு’. மோசடி என்று நினைப்பவர் உண்டு. காரணம் அரசியல். அமெரிக்கா வியட்நாம் மீது போட்டிருந்த வணிகத் தடை 1994 பிப்ரவரியில்தான் நீங்கியது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அகதிகள் தாயகப் பொருளை வாங்க முடியவில்லை. அந்தச் சந்தையைத் தாய்லாந்துத் தொழிற்சாலைகள் பிடித்தன, ஏக்கத்தைப் பெயராக ஒட்டின. தடை நீங்கிய பிறகும் பழகிய நாக்கு மாறவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது எண். 40 என்று போட்டால் ஒரு லிட்டரில் 40 கிராம் நைட்ரஜன்; எண் கூடக் கூட, கரைந்திருக்கும் மீன் புரதமும் அதிகம். நெத்தலி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு, மரத்தொட்டியில் ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய முறை. சாற்றில் கலக்க 20, 30 போதும், தொட்டுக்கொள்ள 40.

நிலையம் வந்தால் வாடகை ஏன் ஏறும்?

இப்போது தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வரலாம். புதிய நிலையம் 210 கோடி டாலர் பெறும் ரெட் லைன், பர்ப்பிள் லைன் புதுப்பிப்பின் முதல் கட்டத்தில் அடங்கியது. 2021 மே மாதம் லாரன்ஸ், பெர்வின் நிலையங்கள் முழுதும் மூடப்பட்டன. ஆர்கைலில் தற்காலிக நிலையம் ஓடியது. நாலு ஆண்டு தூசி, தடுப்பு, சத்தம். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 2016இல், தெருவை நடைபாதை மேடு இல்லாத ‘பகிர்வுத் தெரு’வாக மாற்றும் வேலை முடிந்திருந்தது. சிகாகோவில் அப்படி மாறிய முதல் தெரு இது. அதற்கும் ஒரு கட்டுமானக் காலம் தாங்கியிருந்தார்கள்.

வேலை முடிந்துவிட்டது. லிஃப்ட் வந்திருக்கிறது, நடைமேடை அகன்றிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் முதல்முறையாக இங்கே இறங்க முடியும். கடைக்காரர் மகிழ வேண்டியதுதானே? கட்டடம் சொந்தமாக இருந்தால் மகிழலாம். வாடகைக்கு இருப்பவருக்குக் கணக்கு இப்படி ஓடுகிறது.

முதலில் குத்தகையின் வகை. அமெரிக்காவில் சிறு கடைகளுக்கு ‘டிரிபிள் நெட்’ குத்தகை பரவலானது. அடிப்படை வாடகைக்கு மேல் கட்டடத்தின் சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றிலும் கடைக்காரர் தன் பங்கைக் கட்ட வேண்டும். வரி ஏறினால் வீட்டுக்காரர் கேட்கவே வேண்டாம், தானாக இவர் தலையில் இறங்கும்.

அடுத்தது வரி எப்படி ஏறும் என்பது. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. குடியிருப்புக்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் வணிகக் கட்டடத்துக்கு 25 சதவீதமும் வரிக்குரிய மதிப்பாகும். இதில் ஒரு நெளிவு: கீழே கடை, மேலே வீடு என்று மொத்தம் ஆறு அலகுக்குள், 20,000 சதுர அடிக்குக் குறைவாக இருக்கும் கலப்புக் கட்டடம் 10 சதவீத வகுப்பில் விழும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்துக் கடைகளின் வரி ரசீதில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வருகிறது. ஆர்கைலில் கடை எடுப்பவர் அடிப்படை வாடகையை விசாரிக்கும் முன் கட்டடத்தின் வகுப்பு எண்ணை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

எண்ணில் பார்ப்போம், விளக்கத்துக்கான கணக்குதான் இது. 1,500 சதுர அடிக் கடை. வரிப் பங்கு சதுர அடிக்கு 6 டாலரிலிருந்து 9 ஆகிறது. ஆண்டுக்கு 4,500 டாலர், மாதம் 375 கூடுதல். ஒரு கிண்ணத்தில் பொருளும் கூலியும் போக 3 டாலர் மிஞ்சும் என்றால் மாதம் 125 கிண்ணம் கூடுதலாக விற்க வேண்டும். லாபத்துக்கு அல்ல, இருந்த இடத்திலேயே நிற்பதற்கு. விலையை ஏற்றலாமே என்றால், புறநகருக்குப் போய்விட்ட வியட்நாமியக் குடும்பங்கள்தாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் முதுகெலும்பு. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நைல்ஸ் ஹெச் மார்ட் போன்ற பெருங்கடைகள் வந்துவிட்டன. ஒரு டாலர் ஏற்றினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருபவர் மாதம் ஒருமுறை வருவார்.

நிலையத்துக்குப் பணம் திரட்டிய முறையையும் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2016 இறுதியில் தடத்தின் இரு மருங்கும் அரை மைல் வரை ‘டிரான்சிட் டி.ஐ.எஃப்’ மண்டலம் அறிவித்தார்கள். இது புதிய வரி இல்லை. அன்றைய சொத்து மதிப்பை உறையவைத்து, அதற்கு மேல் வளரும் மதிப்பிலிருந்து கிடைக்கும் வரியில் பள்ளிகளின் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தின் பெரும்பகுதியை ரயிலுக்குத் திருப்புவது. வரி விகிதத்தை இது நேரடியாக ஏற்றாது. ஆனால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால்தான் திட்டத்துக்குப் பணம் வரும் என்ற அமைப்பு இது. உணவகக் குத்தகைதாரரின் நலனும் திட்டத்தின் நலனும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதே உண்மை. ரயில் நிலையத்துக்கு அருகே கார் நிறுத்தும் இடம் குறைத்து உயரமாகக் கட்டலாம் என்ற நகராட்சி விதியையும் இதோடு சேர்த்துக்கொண்டால், ஒரு மாடிக் கடைக் கட்டடத்தை இடித்துக் கட்டும் ஆசை ஏன் வருகிறது என்று விளங்கும்.

பதிவேடு காக்குமா?

மேற்கு ஆர்கைல் தெரு வரலாற்றுப் பகுதி 2010இல் அமெரிக்க வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. இதை வைத்து ‘இனி யாரும் கைவைக்க முடியாது’ என்று எழுதுவது பிழை. தேசியப் பதிவேடு ஒரு கௌரவம். மத்திய அரசின் பணம் அல்லது அனுமதி தேவைப்படும் திட்டங்களில் ஒரு மீளாய்வைக் கட்டாயமாக்கும். வருமானம் தரும் பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரிச்சலுகை தரும். தனியார் உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடிப்பதை அது தடுக்காது. தடுக்கும் அதிகாரம் நகராட்சியின் லேண்ட்மார்க் (பாதுகாக்கப்பட்ட சின்னம்) அறிவிப்புக்கே உண்டு. அதுவும் சுவரையும் முகப்பையும்தான் காக்கும். உள்ளே ஃபோ கொதிக்கிறதா, காபிச் சங்கிலிக் கடை வந்துவிட்டதா என்பது அதன் கவலை இல்லை.

குத்தகைதாரரின் கையில் உண்மையில் இருப்பவை வறட்டு விஷயங்கள். சொந்தக் கட்டடம் வாங்கியவர் தப்பினார். வாங்க முடியாதவர் குத்தகையில் மூன்று வரிகளுக்குப் போராட வேண்டும்: நீட்டிக்கும் உரிமையும் அதற்கான வாடகையும் இப்போதே எழுதப்படுவது, வரிப் பங்கின் ஆண்டு உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு, கட்டடம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை. புகைபோக்கி, எண்ணெய் பிடிக்கும் தொட்டி, குளிர் அறை என்று குத்தகைதாரர் போட்ட முதலீட்டை அவிழ்த்துக்கொண்டு போக முடியாது. அந்த முதலீட்டின் ஆயுளுக்காவது குத்தகை நீள வேண்டும். பழைய தலைமுறைக் கடைகளில் பல, மாதாமாதம் வாய்மொழியாக நீளும் ஏற்பாட்டிலேயே ஓடியவை. வீட்டுக்காரரும் ஊர்க்காரராக இருந்த வரை அது போதுமானதாக இருந்தது.

சிகாகோவின் சென்ற மறுமதிப்பீடு 2024இல், நிலையம் திறக்கும் முன் நடந்தது. அடுத்தது 2027. புது நிலையத்தையும் சேர்த்துத் தெருவுக்கு விலை போடப்போகும் முதல் மதிப்பீடு அதுதான். அதன் ரசீது கடைக்காரர் கைக்கு வருவது 2028இல்.